ஒரே பதிவேடு

ஒரு கல்லூரியில் நூலகம், விடுதி, தேர்வுப் பிரிவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இணைய வாயில் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் தனித்தனிப் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தால் என்ன நேரும்? ஊழியர் ஒருவர் விலகியபின் ஏதேனும் ஒரு பட்டியலில் அவர் பெயரை நீக்க மறந்தால், அந்த வாயில் அவருக்குத் திறந்தே கிடக்கும்.

ஆகவே, பெயர்கள் அனைத்தையும் ஒரே கணினி அடைவில் வைப்பர். அதனிடம் வினவும் முறையே எல்டாப் என்பது. 1993-இல் வரையறுக்கப்பெற்ற இம்முறைக்கு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் பெரிதும் உழைத்தனர்.

அடைவு ஒரு மரம் போன்றது. நிறுவனம் அடிமரம், பிரிவுகள் கிளைகள், மனிதர்கள் இலைகள். வாயிலை அமைப்போர் அதற்கு அறிவிக்க வேண்டியவை நான்கு: அடைவுக் கணினியின் முகவரி, போர்ட் எண், தேடத் தொடங்கும் கிளை, தேடும் உரிமை மட்டும் பெற்ற ஒரு கணக்கு. ஒருவர் நுழைய வந்ததும், வாயில் அவருடைய இலையைத் தேடிக் கண்டு, அவர் தந்த கடவுச்சொல்லை அடைவிடமே கொடுத்துச் சரிபார்க்கிறது, தான் வைத்துக்கொள்வதில்லை.

நான் வற்புறுத்துவது ஒன்று. வழக்கமான 389-ஆம் போர்ட்டில் மறையாக்கமின்றி அனுப்பும் கடவுச்சொல், அஞ்சலட்டையில் எழுதிய இரகசியமேயாகும். மறையாக்கத்துடன் செல்ல 636-ஆம் போர்ட் உண்டு. பதிவேடு ஒன்றாகும்போது காவலும் எளிதாகிறது. ஆனால், அந்த ஒன்றைக் காக்கத் தவறினால் எல்லா வாயில்களும் ஒருங்கே திறந்துவிடும்.