உண்ணிக்காய்ச்சல்: கருப்புப் புண்ணை மறைக்காதீங்க!

மழை ஓய்ந்து பனி தொடங்கும்போது விடாத காய்ச்சல் வந்தால், உண்ணிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். இது மாட்டு உண்ணி அல்ல. எலி, மூஞ்சூறு மேல் ஒட்டி வாழும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. மரக்காணத்து வெறும் உப்புப் பாத்தியில் அதற்கு இடமில்லை. ஈரப் புல், வேலிகாத்தான் புதர், வானூர் முந்திரித்தோப்பு ஓரம், இங்கேதான் எலியும் உண்ணியும் சேர்ந்திருக்கும். விறகு பொறுக்க, ஆடு மேய்க்க, ஒதுங்க அங்கே போவது நாம்தானே!

கடித்த இடம் வலிக்காது. பீடியால் சுட்டது போல் கருப்புப் பொருக்கு கட்டும். அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு என்று மறைவான இடத்திலேயே பெரும்பாலும் இருக்கும். வெட்கப்பட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? நர்ஸ் அக்காவிடமாவது காட்டுங்க. டாக்ஸிசைக்ளின் மாத்திரையை சீக்கிரம் தொடங்கினால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும். எல்லோருக்கும் புண் வராது. அதனால் புதருக்குப் போனதையும் சொல்லுங்க. கர்ப்பிணிகளுக்கு வேறு மாத்திரை உண்டு.