அணை உடையும் என்ற பேச்சு

ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்க வேண்டிய 2011 டிசம்பரில் போடியிலிருந்து கேரளத்துக்கு ஏறும் போடிமெட்டுப் பாதை வெறிச்சோடிக் கிடந்தது. விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் வீட்டிலேயே முடங்கினார்கள். மேலே தங்கி வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பல, அடிதடிக்குப் பயந்து காட்டுவழியே இறங்கி வந்தன. தமிழகத்தில் மலையாளிகளின் கடைகளும் தப்பவில்லை. எல்லாம் முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற பேச்சால் வந்த வினை.

இத்தனைக்கும் போடியை ஒட்டி ஓடுவது கொட்டகுடி ஆறு. பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் காண்பது கம்பம் பள்ளத்தாக்கு. ஆனால் போடியின் பிழைப்பு ஏலக்காய். தோட்டம் மேலே இடுக்கியில், வியாபாரம் கீழே. எல்லை அடைபட்டால் முதலில் காலியாவது கூலிக்காரர் வீட்டு அடுப்புதான்.

இந்தப் பேச்சு 2011இல் பிறந்ததல்ல. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்வி அருகே மச்சு அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தக் கிலி கேரளத்தைப் பற்றிக்கொள்ள, 1895இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டி முடித்த அணை எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி எழுந்தது. அணைக்குக் கீழே வாழ்கிறவர்கள் அப்படிக் கேட்டதில் தவறில்லை. 152 அடி வரை தேக்கிய தண்ணீர் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. தமிழகம் அணைக்குக் கான்கிரீட் தொப்பி போட்டது, இரும்பு வடங்களை இறக்கி இறுக்கியது, பின்புறம் முட்டுக் கொடுத்தது. பலப்படுத்தியாயிற்று, பேச்சு ஓயவில்லை.

2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளம் அதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 2011இல் இடுக்கியில் நில அதிர்வு. 2012இல் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் குழு அணை பத்திரம் என்றது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கேரளச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 2018 பெருவெள்ளத்தில் அதே அச்சம், 2024இல் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பின் மறுபடியும். கவனித்தால் ஒன்று தெரியும்: மோர்வியானாலும் வயநாடானாலும் இடிந்தது வேறெங்கோ. ஒவ்வொரு முறையும் பழைய வாதங்களே புதுச் செய்தியாக வருகின்றன.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தேனி மாவட்டத்தில் தேவாரம் பக்கம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்த்தவர்கள் அடுக்கிய காரணங்களில் ஒன்று: சுரங்கத்துக்கு வெடி வைத்தால் இடுக்கி, முல்லைப் பெரியாறு அணைகள் அதிரும். கேரளத்தில் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் அச்சுதானந்தன் 2012இலேயே எதிர்த்துக் குரல் கொடுத்திருந்தார். ஆக, அணை கல்போல் இருக்கிறது என்று தமிழகம் வாதாடி வென்று ஓராண்டு முடிவதற்குள், அணைக்கு ஆபத்து என்ற குரல் மலையின் இந்தப் பக்கத்திலிருந்தே கேட்டது.

2022 பிப்ரவரியில் தமிழக அரசும் ஆய்வுக்கூடம் வேண்டாமென்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அப்போது முன்வைத்த முக்கியக் காரணம், மதிகெட்டான் சோலையையும் பெரியாறு புலிகள் காப்பகத்தையும் இணைக்கும் புலி வழித்தடம்.