காலின்கீழ் ஒரு கட்டளைப் பலகை



இசைக்குக் காலும் துணைபுரிவது புதிய செய்தியன்று. தேவாலயத்துப் பெரிய ஓர்கனில் கீழ்ச்சுரங்களை வாசிப்பது கால்; கால் ஆர்மோனியத்தின் துருத்தியை இயக்குவதும் கால். இன்று தனியொருவராய் மேடையேறி, பலர் கூடி வாசிப்பதுபோல் ஒலிக்கச் செய்யும் கலைஞர்களுக்கோ இசையின் கட்டுக்கோப்பு முழுவதுமே காலின்கீழ் வந்துவிட்டது.

அவர்கள் கையாளும் முறைக்கு 'லூப்பிங்' என்று பெயர். கித்தார் வாசிப்பவர் ஒரு சிறு பகுதியை வாசிக்கிறார். கருவி அதனைப் பதிந்து இடையறாது திரும்ப ஒலிக்கிறது. அதன்மேல் இன்னொரு பகுதி, அதற்கும் மேல் பாட்டு என்று அடுக்கடுக்காக இசை வளர்கிறது. 1963ஆம் ஆண்டில் பாரிசில் அமெரிக்க இசையமைப்பாளர் டெரி ரைலி இரண்டு நாடாப் பதிவுக் கருவிகளை இணைத்து இத்தகைய விளைவை உண்டாக்கினார். இன்று கணினியோ டேப்லெட்டோ அவ்வேலையைச் செய்கின்றது. கைகள் இரண்டும் கித்தாரில் இருக்கையில், "இப்போது பதிவு செய்", "இப்போது நிறுத்து" என்று அதற்கு ஆணையிடுவது எவ்வாறு? அதற்கே 'மிடி' மிதிபலகை ஏற்பட்டது.

இப்பலகை தானாக ஒலியெழுப்புவதில்லை. கட்டளையை மட்டுமே அனுப்புகிறது. வெவ்வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று உரையாடுவதற்காக 1983ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பொதுமொழியே மிடி. அதன் பழைய ஐந்துமுனைக் கம்பியில் விநாடிக்கு 31,250 துணுக்குகள் செல்கின்றன. ஆகவே ஒரு கட்டளை போய்ச் சேர ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடி போதும். தாமதம் நேர்வது பெரும்பாலும் கம்பியிலன்று, பொத்தானின் அமைப்பிலேயாம்.

பலகையைத் தெரிவு செய்வோர் முதலில் கவனிக்கவேண்டியது இதுவே. சில பலகைகளில் ஒரு பொத்தானுக்கு இரண்டு வேலைகள் உண்டு. சட்டென மிதித்தால் ஒன்று. அழுத்திப் பிடித்தால் மற்றொன்று. இது சிக்கனமாகத் தோன்றும். ஆயினும் மிதித்த கணத்தில் நாம் எதனைக் கருதினோம் என்பதைப் பலகை அறியாது. கால் எடுபடும் வரை காத்திருந்தே அது கட்டளையை விடுக்கும். நிமிடத்துக்கு 120 அடி செல்லும் தாளத்தில் ஓரடிக்கு அரை விநாடி. பத்தில் ஒரு விநாடி பிந்தினால் அவ்வடியில் ஐந்தில் ஒரு பங்கு பிழைத்துப்போம். பாடுபவர் ஒருமுறை தாளம் தவறினால் அது கடந்துபோகும். சுழலும் பதிவிலோ அத்தவறு சுற்றுக்குச் சுற்று திரும்பி வந்து சபையோர் முன் நிற்கும்.

ஆதலால், பதிவைத் தொடங்கி முடிக்கும் பொத்தானுக்கு அந்த ஒரே வேலைதான் இருத்தல் வேண்டும். அது மிதித்த மாத்திரத்தில் இயங்கவும் வேண்டும். பதிவை அழிக்கும் வேலையை மட்டும் அழுத்திப் பிடித்தலுக்கு விடலாம். அங்கே தாமதம் ஒரு காவலாகும்.

இரண்டாவது, பொத்தான்களின் தொகையும் இடைவெளியும். பெஹ்ரிங்கர் எஃப்.சி.பி.1010 என்னும் பலகையில் பன்னிரண்டு பொத்தான்களும் இரண்டு சாய்மிதிகளும் உள்ளன. வசதி மிகுதி, சுமையும் மிகுதி. பதிதல், நிறுத்தல், கடைசி அடுக்கை நீக்கல், அடுத்த தடத்துக்குச் செல்லல் என நான்கே வேலை உடையவர்க்கு நான்கு பொத்தான்கள் போதும். ஆனால் அவை நெருங்கியிருந்தால், சப்பாத்தணிந்த கால் இரண்டை ஒருங்கே மிதித்துவிடும். மிக இலேசான பலகை தரையில் வழுக்கும்; அடியில் இறப்பர் உள்ளதா என்று பாருங்கள். இருண்ட மேடையில், பதிவு நடக்கிறதா இல்லையா என்று காட்டும் விளக்கும் இன்றியமையாதது.

மூன்றாவது, இணைப்பு. யூ.எஸ்.பி. மட்டும் உள்ள பலகைக்குக் கணினி, டேப்லெட் போன்ற தலைமைக் கருவி ஒன்று வேண்டும். ஐந்துமுனை வாயில் மட்டுமே கொண்ட கருவியோடு அது நேரே பேசமாட்டாது. யூ.எஸ்.பி. வழியே மின்சாரம் பெறும் பலகையானால், உங்கள் டேப்லெட் அதனைத் தாங்குமா என்பதையும் முன்னரே சோதித்தறிக. புளூடூத் இணைப்பில் கம்பித் தொல்லை இல்லை. ஆனால் மின்கலம் தீர்ந்தால் கச்சேரியும் நின்றுவிடும்.

கடைக்குச் செல்வோர் பலகையை மேசைமீது வைத்துக் கைவிரலால் அழுத்திப் பார்ப்பது வழக்கம். அது சோதனையாகாது. அதனைத் தரையில் வைத்து, மேடையில் அணியும் காலணியோடு நின்று, கித்தாரைத் தோளில் மாட்டி, பாடிக்கொண்டே மிதித்துப் பாருங்கள். கண் கீழே தாழாமல் கால் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளுமாயின், அதுவே உங்களுக்கு உரிய பலகை.