காற்று வேகத்துக்கு வேகம் மாறும்

புதுக்கோட்டையிலிருந்து கீரனூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் சாலையிலேயே விமான நிலையம் வந்துவிடும். அங்கே சென்னைக்குப் புறப்படும் சில விமானங்களின் இறக்கையில் பெரிய விசிறி சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அது பழங்கால விமானமோ என்று தயங்குகிறீர்களா?

இல்லை. ஏ.டி.ஆர். எனப்படும் அந்த விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ. வேகத்தில் போகும், பயணிகள் ஜெட் 800 கி.மீ.க்கு மேல். குறைந்த வேகத்தில் விசிறிதான் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும். வேகம் கூடினால் விசிறியின் நுனி ஒலிவேகத்தை நெருங்கி, திறனை இழக்கத் தொடங்கும். சென்னை போன்ற கிட்டத்துப் பயணத்தில் ஜெட்டால் மிச்சமாவது சில நிமிடங்களே. பயமில்லாமல் ஏறுங்கள்.

ஒலிவேகம் என்பது எவ்வளவு? தரையருகே மணிக்குச் சுமார் 1,225 கி.மீ. அதைவிடக் குறைந்த வேகத்தில் பறக்கும் விமானத்துக்குக் காற்று முன்கூட்டியே விலகி வழிவிடும். அதை முந்தினால் விலக அவகாசமில்லை. நெருக்குண்ட காற்று அதிர்வலையாக (திடீரென அழுத்தம் ஏறும் அலையாக) தரைவரை வந்து இடிபோல் ஒலிக்கும். 2020 மே 20 அன்று பெங்களூரை அதிரவைத்த சத்தம் விமானப்படையின் சோதனைப் பறத்தலால் வந்ததுதான். நமக்குப் பக்கத்துத் தஞ்சாவூரிலும் 2020 ஜனவரி முதல் சுகோய்-30 போர் விமானப் பிரிவு இருக்கிறது. தெளிந்த வானத்தில் இடி கேட்டால், வெடிவிபத்து என்று வாட்ஸ்அப்பில் பரப்புவதற்கு முன் விசாரியுங்கள்.

இதையெல்லாம் எங்கே ஆராய்கிறார்கள்? பெங்களூரில், என்.ஏ.எல். என்ற மத்திய அரசு ஆய்வகத்தில். அங்கே 1967 முதல் ஒரு காற்றுச் சுரங்கம் (மாதிரி விமானத்தை நிறுத்தி அதன்மேல் காற்றைப் பாய்ச்சும் கூடம்) இயங்குகிறது. வாய் 1.2 மீட்டர்தான். ஆனால் ஒலிவேகத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு மடங்கு வரை அதில் சோதிக்கலாம். தேஜஸ் போர் விமானத்தின் சிறு மாதிரிகள் அங்கே காற்றை எதிர்கொண்ட பிறகே, 2001 ஜனவரி 4-இல் உண்மை விமானம் வானேறியது.

வயலில் இருக்கும் எனக்கு இதில் என்ன என்று கேட்கலாம். உங்களுக்குத்தான் நிறைய இருக்கிறது. மருந்தடிக்கும் டிரோனும் ஒரு வானூர்தியே. மிக மெதுவானது, அவ்வளவுதான். அதன் விசிறிகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்றுதான் மருந்துத் துளிகளைப் பயிருக்குள் இறக்குகிறது. உயரம் கூடினால் அந்தக் காற்று வலுவிழக்கும். துளிகள் மிதந்து பக்கத்து வயலுக்கோ ஊருணிக்கோ கிணற்றுக்கோ போய்விடும். உங்கள் காசும் வீண், அடுத்தவர் பயிருக்கும் கேடு.

அப்படியானால் எப்போது அடிப்பது? காற்று ஓய்ந்த காலை வேளையில். ஆவணி, புரட்டாசியில் உச்சி வெயில் நேரம் வேண்டவே வேண்டாம். வெப்பத்தில் நுண்துளிகள் இலையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடும். ஆள் அடிக்கும்போது பெரிய துளி விழும். டிரோனில் துளி மிகச் சிறியது, அதனால் காற்று அதை எளிதில் கடத்திவிடும்.

டிரோனை யார் ஓட்டலாம்? 2021 டிரோன் விதிகளின்படி, இப்படி வாடகைக்கு மருந்தடிக்க வருபவரிடம் ஓட்டுநர் சான்றிதழ் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். டிரோன் கிளம்பும்போது குடும்பத்தாரையும் ஆடுமாடுகளையும் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கமாக, வயலை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.