வால்வு பெட்டிக்குள் பதுங்கும் 250 வோல்ட்! பிளக்கை பிடுங்கினாலும் ஷாக் அடிக்கும்

ஏற்காடு:
பரணில் கிடக்கும் வால்வு ரேடியோவை காயலான் கடைக்கு தள்ளப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அதற்குள் ஒரு ஆம்பிளிபயரே இருக்கிறது!

சேலத்தில் இருந்து ஏற்காடு போகும் ரோட்டில், டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்சின் நுழைவு வளைவைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் அந்தப் படங்கள் கொட்டகைகளில் பேசியது வால்வு ஆம்பிளிபயர் மூலம்தான். அந்த இதமான சத்தத்துக்காக இன்றும் சிலர் வீட்டிலேயே செட் கட்டுகிறார்கள்.

முன்னால் ஒரு இ.சி.சி.83, பின்னால் ஒரு இ.எல்.84. சுமார் 5 வாட் வரும். வீட்டு ஹாலுக்கு இது தாராளம். வால்வுகள் ரஷியா, சீனா, சுலோவாக்கியாவில் இன்றும் தயாராகின்றன.

மலைவாசிகளே, உஷார்!

ஏற்காடு பனியில் பழைய பேப்பர் கண்டன்சர்கள் ஈரம் இழுத்து, மின்சாரத்தைக் கசிய விடும். முதலில் அவற்றை மாற்றுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் செட்டை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் காலி!

உள்ளே ஓடுவது 250 வோல்ட், சில செட்டில் அதற்கும் மேல். சுவிட்சை அணைத்தாலும் கண்டன்சருக்குள் திருடன் போல மின்சாரம் பதுங்கி இருக்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கலாம்.

மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இல்லாத ரேடியோவில் தகரச் சட்டத்திலேயே கரண்ட் பாயலாம். அதைத் தொடவே வேண்டாம்!

பெட்டி பாட்டு கேட்கத்தான். வீட்டில் ஒப்பாரி கேட்க வைத்துவிடாதீர்கள்!