கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது?

இடுப்பு நோவுள்ள முதியவர்கள் வலிக்கும் பக்கத்துக் கையிலேயே தடியை ஊன்றி நடப்பதைக் கோயில் பிராகாரத்திலும் பூங்காவிலும் அடிக்கடி காண்கிறோம். அது பிசகு என்பதைக் காகிதத்திலேயே கணக்கிட்டுக் காட்டும் சாஸ்திரம் ஒன்று உண்டு. பொறியியல் மாணவர்களும் இயன்முறை மருத்துவம் பயில்வோரும் சர்வகலாசாலைகளில் கற்கும் பயோமெக்கானிக்ஸ் என்பதே அது.

பாடம் பெரும்பாலும் முழங்கையிலிருந்துதான் தொடங்கும். கையை மடக்கி, உள்ளங்கையில் 5 கிலோ அரிசிப் பையை ஏந்தி நிற்பதாகக் கொள்வோம். பை மூட்டிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்க, அதைத் தாங்கவேண்டிய இருதலைத் தசையோ மூட்டுக்கு 5 சென்டிமீட்டர் அருகிலேயே எலும்பைப் பற்றியிருப்பதால், முன்கையின் சொந்த எடையை விட்டுவிட்டாலும்கூட, அத்தசை 35 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுத்தாக வேண்டும். அதில் 30 கிலோ அளவு மூட்டுக்குள் எலும்பின்மேல் எலும்பாக அழுந்துகிறது. இதென்ன நஷ்ட வியாபாரம் என்று தோன்றும். தசை 1 சென்டிமீட்டர் சுருங்கினால் கை 7 சென்டிமீட்டர் நகர்கிறதே, அந்த வேகந்தான் லாபம்.

சிறிய விசையால் பெரிய பாரத்தைத் தூக்கவே தசைகள் அமைந்தன என்ற பழைய எண்ணத்தை இப்படிக் கணக்கிட்டு மறுத்தவர் இத்தாலியக் கணித அறிஞர் பொரெல்லி. பிராணிகளின் இயக்கத்தைப் பற்றிய அவருடைய நூல், 1679-இல் அவர் மறைந்த பிறகே அச்சேறியது.

பரீட்சைக் கணக்கில் தசை ஒன்றுதான். மெய்யான மூட்டிலோ தசைகள் பல, சமன்பாடுகள் போதா. ஆகவே உடல் சிக்கனமாகவே உழைக்கும் என்று வைத்துக்கொண்டு, ஸ்டான்போர்டில் உருவான ஓப்பன்சிம் போன்ற இலவச மென்பொருளில் விடை காண்கிறார்கள். அனுமானந்தான், ஆயினும் உபயோகமான அனுமானம்.

இனி இடுப்புக்கு வருவோம். நடக்கையில் ஒற்றைக் காலில் நிற்கும் கணந்தோறும், உடல் மறுபுறம் சரியாதபடி இடுப்பின் பக்கத் தசை இழுத்துப் பிடிக்கிறது. முழங்கையைப் போலவே இங்கும் தசை மூட்டுக்கு அருகிலும் பாரம் தொலைவிலுமாக இருப்பதால், மூட்டின் மீதுள்ள சுமை உடல் எடையையே மிஞ்சிவிடுகிறது. செயற்கை மூட்டுக்குள் உணர்கருவி பொருத்தி பெர்லின் ஆய்வாளர்கள் அளந்து, 2001-இல் வெளியிட்ட கணக்கு, சாதாரண நடையில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ 2.4 மடங்கு. மறுபக்கக் கையிலுள்ள தடி அந்த மூட்டிலிருந்து வெகுதூரத்தில் ஊன்றுவதால், சிறிதே அழுத்தினாலும் தசையின் உழைப்பு பெரிதும் குறைகிறது. வலிக்கும் பக்கத்திலேயே ஊன்றினால் அந்தத் தூரத்தின் அனுகூலம் போய்விடும்.

வலது இடுப்பு நோகிறவர் தடியை இடது கையில் பிடித்து, வலது காலை எடுத்து வைக்கும்போதே தடியையும் உடன் ஊன்றி நடக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.