காணி ஒருவருடையது, வீடு இன்னொருவருடையது

வியாபாரிகளாகிய நம்மில் பலர் அடுத்தவருடைய காணியில்தான் முதலைப் போட்டிருக்கிறோம். வாடகைக் கடையில் தட்டு அடித்து, தரைக்கு ஓடு பதித்து, பெயர்ப்பலகை மாட்டி, பத்துப் பதினைந்து வருடமாக வாடிக்கையாளரைப் பழக்கி எடுக்கிறோம். பிறகு ஒரு நாள் காணிக்காரர் வந்து, "இடம் எனக்குத் தேவைப்படுகிறது" என்கிறார். இடம் அவருடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த இடத்தில் நாம் உண்டாக்கிய பெறுமதி யாருடையது? அதற்கு விலை உண்டா? உண்டென்றால் யார் கொடுப்பது?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் கடைக்காரர்களை விடக் கடுமையாகச் சந்திப்பவர்கள் ஒரு வகைக் குடியிருப்பாளர்கள். அவர்களுக்காக அங்குள்ள நகர சபைகளும் மாநிலங்களும் இயற்றியுள்ள விதிகளைக் கொஞ்ச நாளாக வாசித்து வருகிறேன். கொடுக்கல் வாங்கல் செய்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய விடயங்கள் அவற்றில் நிறைய உண்டு.

பெயரில் மட்டும்தான் நகரும் வீடு

அமெரிக்காவில் தொழிற்சாலையில் முழுமையாகக் கட்டி, இரும்புச் சட்டத்தின் மேல் வைத்து, லொறியில் இழுத்துச் சென்று நிறுத்தும் வீடுகள் உண்டு. மக்கள் அவற்றை 'மொபைல் ஹோம்' என்பார்கள். 1976 ஜூன் மாதம் முதல் இவற்றுக்கு மத்திய அரசின் கட்டுமானத் தரம் இருக்கிறது. சாதாரண வீடு வாங்க வசதியில்லாத தொழிலாளர்கள், ஓய்வு பெற்றவர்கள், புதிதாகக் குடியேறியவர்கள் ஆகியோரே பெரும்பாலும் இவற்றில் வசிக்கிறார்கள்.

வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம். அது நிற்கும் துண்டு நிலம் பல இடங்களில் இன்னொருவருக்குச் சொந்தம். அவருக்கு மாதாமாதம் நில வாடகை கட்ட வேண்டும். இப்படி ஐம்பது, நூறு, இருநூறு வீடுகள் ஒரே முதலாளியின் காணியில் நிற்கும் குடியிருப்பை அங்கே 'பார்க்' என்கிறார்கள். கொழும்பில் நாம் 'தோட்டம்' என்று சொல்லும் குடியிருப்போடு ஓரளவு ஒப்பிடலாம்.

பெயர் மொபைல் என்றாலும், ஒரு முறை நிறுத்திய வீட்டை மீண்டும் நகர்த்துவது அபூர்வம். கழற்றி, இழுத்து, வேறிடத்தில் பொருத்தப் பல ஆயிரம் டொலர் செலவாகும். பழைய வீடு பாதையிலேயே உடைந்து போகலாம். வேறு பார்க்கில் இடம் கிடைத்தாலும், பழைய வீடுகளை ஏற்க அங்குள்ள முதலாளிகள் பெரும்பாலும் விரும்புவதில்லை. பல மாநிலங்களில் இந்த வீடு காணியோடு சேர்ந்த ஆதனமாக அல்லாமல், வாகனத்தைப் போல அசையும் சொத்தாகவே பதியப்படுகிறது. அதனால் கடனுக்கு வட்டியும் கூடுதல்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 60,000 டொலருக்கு இப்படியொரு வீடு வாங்கியிருக்கிறார். அதில் பெரும்பகுதி தகரத்துக்கும் பலகைக்கும் கொடுத்த விலையல்ல. நல்ல ஊரில், வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அருகில் அந்த வீடு நிற்கிறதே, அதற்குக் கொடுத்த விலை. பார்க் மூடப்பட்டால் வீட்டின் பெறுமதி 5,000 டொலர்கூட வராது. கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

நகர சபை கேட்கும் கணக்கு

நகரத்தில் நில விலை ஏறும்போது பார்க் முதலாளிக்கு நல்ல கேள்வி வருகிறது. அடுக்குமாடி கட்டுபவர் பெரிய விலை பேசுகிறார். விற்பதற்கு முதலாளிக்கு உரிமை உண்டு. ஆனால் கலிபோர்னியாவில் "நாளை எல்லோரும் வெளியேறுங்கள்" என்று அவர் சொல்ல முடியாது. முதலில் பாதிப்பு அறிக்கை ஒன்றைத் தயாரித்து உள்ளூர் சபையிடம் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் வெளியேற நேரிடும், அருகில் வேறு பார்க்குகளில் இடம் உண்டா, இடம்பெயர என்ன செலவாகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பகிரங்க விசாரணைக்குக் குறைந்தது 60 நாட்களுக்கு முன்னர் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் பிரதி போய்ச் சேர வேண்டும். சபை அனுமதித்த பிறகும் குறைந்தது 6 மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். சபையின் அனுமதியே தேவைப்படாத இடங்களில் அறிவித்தல் காலம் 12 மாதம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். முன்பிருந்த மாநிலச் சட்டப்படி, நகர சபை விரும்பினால் முதலாளியிடம் நிவாரணம் கேட்கலாம்; ஆனால் அது இடம்பெயர்வதற்கான நியாயமான செலவைத் தாண்டக் கூடாது. 2020 இல் நிறைவேறி 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை மாற்றியது. இப்போது சபை நிவாரணம் கேட்டேயாக வேண்டும். வெளியேறுபவருக்கு வேறு பார்க்கில் தகுந்த இடம் கிடைக்காவிட்டால், அந்த வீடு இருக்கும் இடத்தில் இருந்தபடி என்ன விலைக்குப் போகுமோ அந்தச் சந்தைப் பெறுமதியைக் கொடுக்க வேண்டும். அந்த மதிப்பீட்டை மாநில அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் செய்ய வேண்டும். பார்க் மூடப்படப் போகிறது என்ற செய்தியால் விலை விழுந்திருந்தால் அந்த வீழ்ச்சியைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையை வியாபாரிகள் இன்னொரு முறை வாசிக்க வேண்டும். ஒரு கடை காலி செய்யப்படப் போகிறது என்று தெருவில் கதை பரவிய மறுநாளே அதன் பெறுமதி பாதியாகிவிடும் என்பது நமக்குத் தெரியும். கதையைப் பரப்பியவரே அந்த வீழ்ந்த விலையில் கணக்கு முடிப்பதற்கு இந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

பாலோ ஆல்டோவில் நடந்தது

ஏட்டில் இருக்கும் விதி நடைமுறைக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதற்குக் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரம் நல்ல உதாரணம். கணினித் தொழிலால் காணி விலை வானத்தைத் தொட்ட பகுதி அது. அந்த நகரத்தில் இருந்த ஒரே பார்க்கின் பெயர் புவெனா விஸ்டா. நாலரை ஏக்கர் நிலம், சுமார் 400 பேர். பெரும்பாலானோர் குறைந்த வருமானமுள்ள லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்.

பார்க்கை மூடுவதற்கு உரிமையாளர் 2012 இல் விண்ணப்பித்தார். மேலே சொன்ன மாநிலத் திருத்தம் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, 2001 இல், பாலோ ஆல்டோ நகர சபை தனக்கென்று ஓர் உள்ளூர் விதியை இயற்றி வைத்திருந்தது. ஆகவே அறிக்கை, மதிப்பீடு, விசாரணை, மேன்முறையீடு என்று மூன்று வருடம் போனது. வாதம் எங்கே சூடுபிடித்தது தெரியுமா? மதிப்பீட்டில்தான். "இந்த ஊரின் பள்ளிக்கூடங்களுக்காகவும் பாதுகாப்புக்காகவும்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம். அந்தப் பெறுமதியும் கணக்கில் சேர வேண்டும்" என்று குடியிருப்பாளர்கள் வாதிட்டார்கள். 2015 மே மாதம் நகர சபை மூடுவதற்கு அனுமதி கொடுத்தது. நிவாரணத் தொகை எல்லாம் சேர்த்து 8 மில்லியன் டொலர் அளவுக்கு வரும் என்ற நிலையில், இது தன் சொத்துரிமையைப் பறிக்கிறது என்று உரிமையாளர் நீதிமன்றம் போனார். குடியிருப்பாளர்களும் நகரத்துக்கு எதிராக வழக்கிட்டார்கள்.

கடைசியில் பார்க் மூடப்படவில்லை. சான்டா கிளாரா மாவட்டத்தின் வீடமைப்பு அதிகார சபை, கட்டாய சுவீகரிப்புக்கான நடவடிக்கையை ஆரம்பித்து, 2017 இல் உரிமையாளரோடு இணக்கத்துக்கு வந்து, ஏறத்தாழ 40 மில்லியன் டொலருக்கு நிலத்தை வாங்கிக் கொண்டது. நகர சபையும் மாவட்ட நிர்வாகமும் ஆளுக்கு 14.5 மில்லியன் டொலர் போட்டன. உரிமையாளருக்கு விலை கிடைத்தது. குடியிருப்பாளர்களுக்கு இடம் கிடைத்தது. ஆனால் இரு தரப்பும் ஐந்து வருடத்தை வழக்கிலும் கவலையிலும் கழித்தன. உள்ளூர் விதி ஒன்று இல்லாதிருந்தால் ஏழைகளுக்கு அந்த ஐந்து வருட அவகாசம் கிடைத்திருக்காது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

யார் கொடுப்பது?

நானும் வியாபாரி என்பதால் முதலாளியின் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது. அவர் சட்டப்படி நிலம் வாங்கினார், வரி கட்டினார், குறைந்த வாடகைக்கு இடம் கொடுத்தார். ஊரில் ஏழைகளுக்கு வீடில்லாதது அவர் செய்த குற்றமா? இந்தக் கேள்வியை வொஷிங்டன் மாநில உயர் நீதிமன்றமே எடுத்துக் கொண்டது. இடம்பெயர்வுச் செலவைப் பார்க் முதலாளி சுமக்க வேண்டும் என்ற மாநிலச் சட்டத்தை 1993 இல் அது செல்லுபடியற்றதாக்கியது. முழுச் சமூகத்தின் பிரச்சினையைத் தனியொரு காணிக்காரரின் தலையில் கட்டுவது அளவுக்கு மீறிய சுமை என்பதே தீர்ப்பின் சாரம்.

அதே மாநிலத்தில் டம்வாட்டர் என்ற சிறு நகரம் வேறு வழியில் போனது. பார்க்குகள் இருக்கும் காணிகளை அந்தப் பாவனைக்கென்றே ஒதுக்கி வலய விதி கொண்டு வந்தது. காணிக்காரர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். 2012 இல் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

ஒரிகன் மாநிலம் 2007 இல் நிரந்தரக் கட்டணம் ஒன்றை வைத்தது: 365 நாள் அறிவித்தல், வீட்டின் அளவைப் பொறுத்து 5,000, 7,000 அல்லது 9,000 டொலர் கொடுப்பனவு. பிற்காலத்தில் அது உயர்த்தப்பட்டது. இந்த முறையில் வழக்காட அதிகம் இல்லை. முதலாளி முன்கூட்டியே கணக்குப் பார்த்துக் கொள்ளலாம். ஆனால் நல்ல ஊரில் நல்ல வீடு வைத்திருந்தவருக்கு அது போதாது.

புளோரிடா 2001 இல் பொதுநிதி ஒன்றை உருவாக்கியது. பார்க்குகளிலிருந்து அறவிடும் சிறு தொகைகளும், மூடும் முதலாளி கட்டும் தொகையும் அதில் சேரும். வெளியேறுபவருக்கு நகர்த்தும் செலவு என்று சிறிய வீட்டுக்கு 3,000, பெரிய வீட்டுக்கு 6,000 டொலர் வரை அதிலிருந்து கொடுத்தார்கள். வீட்டை விட்டுவிட்டுப் போனால் அதில் பாதிகூட இல்லை. 2024 இல் இத்தொகைகள் கூட்டப்பட்டன.

நியூ ஹம்ஷயர் மாநிலத்தில் 1984 இலிருந்து இன்னொரு வழி பரவி வருகிறது. குடியிருப்பாளர்களே கூட்டுறவாகச் சேர்ந்து, கடன் எடுத்து, முதலாளியிடம் சந்தை விலைக்குப் பார்க்கை வாங்கி விடுகிறார்கள். இன்று அமெரிக்காவில் இப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட பார்க்குகள் இருக்கின்றன. முதலாளிக்கு விலை குறையவில்லை, குடியிருப்பவர் தெருவுக்கு வரவும் இல்லை.

நாம் எடுக்க வேண்டியது

இத்தனையையும் வாசித்த பிறகு எனக்குப் பட்டது இதுதான். நகர்த்தும் செலவு வேறு, இழக்கும் பெறுமதி வேறு. லொறிக் கூலியைக் கொடுத்துவிட்டு "கணக்குத் தீர்ந்தது" என்று சொல்வது சட்டத்துக்குச் சரியாக இருக்கலாம், ஹக்குக்குச் சரியாகாது. கலிபோர்னியாவின் 2020 திருத்தம் இந்த வேறுபாட்டை எழுத்தில் வைத்தது. என் பார்வையில் அதுவே நேர்மையான அளவுகோல். அந்தத் தொகை முதலாளி ஒருவருக்கு அதிகம் என்றால் பொது நிதியும் சபையும் பங்கெடுக்க வேண்டும். அதற்காக, வெளியேறுகிறவரிடமிருந்து குறைப்பது தீர்வாகாது.

நமது கொடுக்கல் வாங்கலுக்கும் இது பொருந்தும். வாடகைக்கு எடுப்பவர் முதல் போடுவதற்கு முன், வெளியேறும் நாளைப் பற்றிப் பேசிக் கொள்ளட்டும். எத்தனை மாத அறிவித்தல், நாம் போட்ட தட்டும் தரையும் யாருக்கு, மதிப்பீட்டை யார் செய்வது, எந்தத் திகதியின் விலையில் செய்வது என்பதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் காணிக்காரரின் மகன் காலத்தில் அதே கேள்வி நீதிமன்றத்தில் கேட்கப்படுவதை விட அது மேல்.

காணி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய விலை பேசி ஒருவர் வரும்போது, இருப்பவர்களை வெளியேற்றும் செலவையும் காணியின் விலைக்குள்ளேயே வைத்துப் பேசுங்கள். கைச்சாத்திட்ட பிறகு அந்தச் செலவைத் தேடினால் அது உங்கள் இலாபத்திலிருந்து போகிறது போலத் தோன்றும், கொடுக்க மனம் வராது. பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர்கள் இந்த விடயத்தில் முன்மாதிரியாக நடப்பது இரட்டிப்புக் கடமை. அவர்கள் கையில் இருப்பது சொந்தக் காணியல்ல, அமானிதம்.

காணியை மீளப் பெறுவது உரிமை. அதன் மேல் நின்று ஒருவர் உழைத்ததற்கு விலை கொடுப்பது கடன். உரிமையைக் கேட்கிற அன்றே கடனையும் தீர்ப்பதுதான் வியாபாரிக்கு அழகு.